உடும்பு ஒச்சப்பனும் இரண்டாவது கிட்டாரும்

ஒரு காட்டில், டவர் வந்ததும் புலி போய்விட்ட காட்டில், ஒச்சப்பன் என்றொரு உடும்பு வாழ்ந்தான். அவனுக்குச் சொந்தமென்று இருந்தது ஒரு கரையான் புற்று. வடக்குப் பார்த்த வாசல், மழைக்கு ஒழுகாத கூரை, சாப்பாடு சுவரிலேயே ஊரும். ஓர் உடும்புக்கு வேறென்ன வேண்டும்?

வேண்டியிருந்தது. பேஸ் கிட்டார் வேண்டியிருந்தது.

மற்ற மிருகங்கள் பாட்டைக் காதால் கேட்கும். கேட்டுவிட்டு, பாடகர் என்ன அழகு என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகும். ஒச்சப்பன் வயிற்றால் கேட்பவன். 'காட்டுக்கூச்சல்' இசைக்குழு கச்சேரி நடத்தும்போதெல்லாம் மேடைக்கு அடியில் போய்த் தரையோடு தரையாகக் கிடப்பான். மேலே மலைப்பாம்பு சடையாண்டி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை ஒரு தட்டு தட்டினால், இவன் அடிவயிற்றில் யாரோ கதவைத் தட்டுவது போலிருக்கும். அந்தக் கதவு திறந்து நான்கு வருடமாகிவிட்டது. அன்றிலிருந்து உளுத்த மரமொன்றில் சீந்தில்கொடியை இழுத்துக் கட்டி, தினமும் தட்டிப் பழகிக்கொண்டிருந்தான். பக்கத்துப் புற்றுக்காரர்கள் கரையான் தொல்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்படியிருக்கையில், கையெழுத்து வாங்க வந்த ஒரு வரையாட்டை மலைப்பாம்பு விழுங்கிவிட்டது. செரிக்க ஆறு மாதம் ஆகும் என்று முறையாக விடுப்புக் கடிதமும் கொடுத்தது. வரையாட்டின் சார்பில் கடிதம் ஏதும் வரவில்லை. குழுவில் பேஸ் வாசிக்கும் இடம் காலி.

குழுத் தலைவர் மயில் மயூரநாதன். பாடகரும் அவரே. மயில் பாடினால் எப்படி இருக்குமென்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் பல்லவி தொடங்கும்போதே தோகையை விரித்துவிடுவார். விரித்த தோகைக்கு முன்னால் சுருதியைப் பற்றிப் பேசுகிறவன் ரசனை கெட்டவன் என்பது அந்தக் காட்டின் சட்டம்.

"வைகாசித் திருவிழாவில வாசிச்சுக் காட்டு," என்றார் மயில். "முதல் பாதி ரெக்கே, எருமைகளுக்கு. ரெண்டாவது பாதி ராக், பன்றிகளுக்கு. ரெண்டு தரப்பும் தலையாட்டினா இடம் உனக்கு நிரந்தரம். ஒரு தரப்பு சும்மா உட்கார்ந்திருந்தாலும் நீ மறுபடி மேடைக்கு அடியிலயே போய்ப் படுத்துக்க வேண்டியதுதான்."

"சரிங்கய்யா. இப்பவே கொஞ்சம் வாசிச்சுக் காட்டட்டுமா?"

"வாசிக்கிறதா? முதல்ல படிவத்தை நிரப்புப்பா."

படிவம் நான்கு பக்கம். கிட்டாரின் நிறம் என்ன, எடை என்ன, கொம்பு உண்டா இல்லையா, பரிந்துரைத்தவர் யார், பரிந்துரைத்தவரைப் பரிந்துரைத்தவர் யார். வாசிக்கத் தெரியுமா என்ற கேள்வி எங்கும் இல்லை. ஒச்சப்பன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் டீக்கறைதான் இருந்தது.

விஷயம் புரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எருமை அசைபோடுவதைப் பார்த்திருப்பீர்கள். மெல்லும், நிறுத்தும், உலகத்தைப் பற்றி யோசிக்கும், மறுபடி மெல்லும். அந்த நிறுத்தத்தில்தான் ரெக்கே இருக்கிறது. பேஸ் அங்கே பாதி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மீதி நேரம் கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல் தடித்த குரலில் பேச வேண்டும். பன்றிகளுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. வேலியை முட்டிக்கொண்டு கிழங்குக்கொல்லையில் பாய்கிற பாய்ச்சல் வேண்டும். நிறுத்தாமல், பல் தெரிய. அது ராக்.

இந்த இரண்டுக்கும் எந்தக் கிட்டார் வாங்குவது? ஒச்சப்பனுக்கு மூன்று நாள் இரை இறங்கவில்லை.

காட்டில் கடை வைத்துக் கிட்டார் விற்றவர் நரி நல்லபெருமாள். ஒச்சப்பன் தயங்கித் தயங்கிப் போய் விவரம் சொன்னான். நரி சுவரிலிருந்து சாதாரணமான ஒரு பேஸ் கிட்டாரை இறக்கி அவன் முன்னால் வைத்தார்.

"தம்பி, ரெண்டுக்கும் இது ஒண்ணே போதும். இந்தக் குமிழைப் பாரு. இந்தப் பக்கம் முழுசாத் திருப்பினா சத்தம் போர்வையைப் போத்திக்கும். விரல் சதையால தட்டு, ரெக்கே. அந்தப் பக்கம் திருப்பினா தகரத்துல கல்லு விழுந்த மாதிரி வரும். நகத்தால இழு, ராக். அவ்வளவுதான் வித்தை."

"அவ்வளவுதானாண்ணே?"

"அவ்வளவேதான். அதுவும் நீ உடும்பு. புடிச்சா விடமாட்ட. மேடையில ஒண்ணை வச்சுட்டு இன்னொண்ணை எடுக்கிற சோலியெல்லாம் உனக்கு ஆகாது."

கழுத்து ஓரத்தில் பல் பதிந்த தடம் ஒன்று இருந்தது. "இது?"

"என் பய குட்டியா இருக்கிறப்போ கடிச்சு வச்சது. சத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது. உன் புத்து மேல ஒரு தேன்கூடு தொங்குதாமே, அதைக் கொடுத்துட்டு எடுத்துக்க. உனக்கு ரெண்டு கிட்டார் விக்க எனக்குத் தெரியாம இல்ல. தேவையில்லாததை விக்க மனசு வரல."

ஒச்சப்பன் கிட்டாரை வயிற்றோடு அணைத்து ஒரு தட்டு தட்டினான். கதவு திறந்தது. நான்கு வருடமாகத் தேடிய அதே கதவு.

உடனே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. அந்தக் காட்டில் எல்லாக் குஞ்சுகுளுவான்களையும் நீதிக்கதை சொல்லித்தான் வளர்ப்பார்கள். நரி எந்தக் கதையில் வந்தாலும் கடைசி வரியில் யாராவது ஏமாந்திருப்பார்கள். நரி ஒன்றே போதும் என்கிறதென்றால் இரண்டு வேண்டும் என்று அர்த்தம். நரி நல்லது சொல்கிறதென்றால் அதைவிடக் கெட்டது ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வயிறு ஆயிரம் சொல்லட்டும், வயிறு என்ன நீதிக்கதை படித்ததா?

"யோசிச்சுட்டு வரேண்ணே," என்று நழுவினான் ஒச்சப்பன்.

நேராகப் போனது அன்னம் ஹம்சவேணியிடம். அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்பது உலகறிந்த செய்தி. பிரித்ததை யார் பார்த்தது என்று கேட்காதீர்கள். ஊற்றிப் பார்க்கிற அளவுக்கு அந்தக் காட்டில் யார் வீட்டிலும் பால் மிஞ்சியதில்லை. அந்தப் பெயரை வைத்து அம்மையார் 'பால் வேறு நீர் வேறு' என்று யூடியூப்பில் ஒரு சேனல் நடத்தினார். இசைக்கருவிகளை விமர்சிப்பார். ஒன்றைக்கூட வாசித்ததில்லை. இறகு கெட்டுவிடுமாம்.

குளக்கரையில் வரிசை. ஒச்சப்பனுக்கு அறுபத்தோராவது டோக்கன். முன்னால் நின்ற ஆமை, மிருதங்கம் வாங்க வரிசைக்கு வந்து, இப்போது புல்லாங்குழல் போதும் என்ற வயதுக்கு வந்திருந்தது. ஒருவழியாக முறை வந்தது.

"எந்தக் கட்டை?" என்றது அன்னம்.

"தெரியலீங்கம்மா. தட்டினா வயித்துல நல்லாக் கேட்டுது."

"வயித்துலயா?" அன்னம் கேமராவைப் பார்த்துச் சிரித்தது. "இதோ பாருங்க. ரெக்கேக்குப் பலாக்கட்டை. ராக்குக்குத் தேக்கு, அதுவும் கொம்பு வச்சது. ஒரே கிட்டாரில ரெண்டும் வாசிக்கிறது ஒரே வாயால பாலும் மோரும் குடிக்கிற மாதிரி."

"எல்லாரும் ஒரே வாயாலதானேம்மா குடிக்கிறோம்?"

"நீங்க குடிக்கலாம். நான் அன்னம். ஒண்ணு போதும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நரியண்ணன்."

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"அப்புறம் என்ன?" என்றது அன்னம். அதற்கு மேல் ஒரு வாதம் தேவைப்படவில்லை. "மான் மங்களேஸ்வரிகிட்ட போங்க. நம்ம பொண்ணு, ரெண்டு கட்டையிலயும் கிட்டார் வச்சிருக்கா."

மானின் கண்ணைப் பார்த்து இதுவரை யாரும் பேரம் பேசியதில்லை. அந்தக் கண்ணில் எப்போதும் ஒரு சொட்டு நீர் நிற்கும். விழாது, விழுந்துவிடுமோ என்று எதிராளி பயந்துகொண்டே இருக்க வேண்டும். மான் இரண்டு கிட்டார்களைக் கொண்டுவந்து வைத்தது. ஒன்று பலாக்கட்டையாம், கழுத்து ஓரத்தில் சூரியகாந்திப் பூ ஸ்டிக்கர். இன்னொன்று தேக்காம், வெல்வெட் போர்த்திய பெரிய பெட்டிக்குள் பூட்டியிருந்தது.

ஒச்சப்பன் பூப்போட்டதை வயிற்றில் வைத்துத் தட்டினான். கதவு திறந்தது. "ஆகா! பலான்னா பலாதான்," என்றான். "அந்தப் பெட்டியைத் திறந்து காட்டேன், தாயீ."

"அய்யோ அண்ணே, மேடையிலதான் திறக்கணும். இங்க திறந்தா காத்துப் பட்டுக் கட்டை கோவிச்சுக்கும்." கண்ணில் அந்தச் சொட்டு நடுங்கியது.

"சரி சரி, அழாதே. என்ன தரணும்?"

"நான் என்னத்தைக் கேக்கப்போறேன்? அந்தப் புத்து இருந்தா போதும். எனக்கெதுக்கு அது, நீங்க இவ்வளவு வற்புறுத்துறதாலதான்."

ஒச்சப்பன் ஒரு வார்த்தைகூட வற்புறுத்தவில்லை. இருந்தாலும் தாத்தன் சொத்தைத் தத்தம் செய்துவிட்டு இரண்டு கிட்டாரையும் இழுத்துக்கொண்டு நடந்தான். மறுநாளே அந்தப் புற்றில் நாகம் ஒன்று வாடகைக்குக் குடிவந்தது. படிவத்தில் 'பரிந்துரைத்தவர்' என்ற இடத்தில் அன்னத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, திருவிழா வரைக்கும் ஒரு வேலமரத்தடியில் கிடந்தான்.

திருவிழாவும் வந்தது. இந்தப் பக்கம் எருமைகள், அந்தப் பக்கம் பன்றிகள். முன்வரிசையில் அன்னம், செல்போனோடு. எல்லோருக்கும் பின்னால் நரி நல்லபெருமாள், காதைத் தூக்கிக்கொண்டு. அவருக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை.

ஒச்சப்பன் வெல்வெட் பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பின்னங்காலிரண்டாலும் பூப்போட்ட கிட்டாரின் இடுப்பைக் கவ்விக்கொண்டு, விரல் சதையால் தட்டத் தொடங்கினான். தட்டினான், நிறுத்தினான், யோசிக்க விட்டான், தட்டினான். ஒரு கிழட்டெருமை மெல்வதை மறந்து தலையாட்டியது. பிறகு எல்லா எருமைகளும் ஆட்டின. கொம்புகள் ஒன்றோடொன்று உரசிய சத்தமே தனித் தாளமாக இருந்தது.

"அடுத்து ராக்!" என்று அகவினார் மயில். "கிட்டாரை மாத்துப்பா!"

பன்றிகள் எழுந்து நின்றன. நூறு ஜோடிக் கோரைப்பல். ஒச்சப்பன் அதைப் பார்த்தான். பயந்தான். பயந்த உடும்பு என்ன செய்யும்? பிடியை இறுக்கும். பின்னங்காலிரண்டும் கிட்டாரோடு கிட்டாராகப் பூட்டிக்கொண்டன.

"விடுறா," என்றார் மயில்.

"விட முடியலீங்கய்யா."

தாளத்துக்கிருந்த மரங்கொத்தி வந்து கொத்திப் பார்த்தது. லீட் கிட்டார் வாசிக்கும் மந்திக்குரங்கு வந்து இழுத்தது. இழுத்த வேகத்தில் மந்தியின் கை உடும்புக்கும் கிட்டாருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. "உடும்பும் வேண்டாம், ராக்கும் வேண்டாம், என் கை வந்தா போதும்!" என்று மந்தி மைக்கில் அலறியது. பன்றிகள் மேடைக் காலை முகர ஆரம்பித்தன. முகர்ந்தால் அடுத்தது முட்டுவதுதான்.

இந்த இழுபறியில் சூரியகாந்தி ஸ்டிக்கர் உரிந்து விழுந்தது. அடியில் பல் தடம்.

ஒச்சப்பன் அதையே பார்த்தான். அதே கழுத்து. அதே குட்டி நரியின் கடி. தேன்கூட்டுக்குக் கிடைத்திருக்க வேண்டிய அதே கிட்டார், நரி கடையிலிருந்து மான் கை மாறி, புற்றை விழுங்கிக்கொண்டு வந்து மடியில் உட்கார்ந்திருக்கிறது.

வருத்தப்பட நேரமில்லை. கால்கள்தான் பூட்டியிருந்தன, வால் சும்மா இருந்தது. வாலால் குமிழை அந்தப் பக்கம் முழுசாகத் திருப்பினான். நகத்தை நீட்டினான். இழுத்தான்.

தகரத்தில் கல் விழுந்தது. ஒரு கல்லா, மலையே சரிந்தது. மந்தியின் கை அதிர்ச்சியில் தானாக வெளியே வந்து தன் கிட்டாரைத் தேடிக்கொண்டது. பன்றிகள் தலையாட்டின, உடம்பாட்டின, சந்தோஷம் தாங்காமல் வேலியை உடைத்து, அந்தப் பக்கம் போய், மறுபடி உடைப்பதற்காக இந்தப் பக்கம் வந்தன.

ஆட்டம் ஓய்ந்ததும் மயில் மைக்கைக் கொண்டுவந்து ஒச்சப்பன் வாய்க்கு நேரே நீட்டினார். மறு கையில் படிவம். "எப்படிப்பா இது? பரிந்துரைத்தவர் அன்னம்னு எழுதியிருக்க. அப்படித்தானே?"

ஒச்சப்பன் கடைசி வரிசையைப் பார்த்தான். நரி நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தார். முன்வரிசையைப் பார்த்தான். அன்னத்தின் செல்போன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றே போதும், குமிழைத் திருப்பினேன், நரி சொல்லிக் கொடுத்தது என்று சொன்னால்? நரி பேச்சைக் கேட்டவன் என்று ஆகும். படிவம் பொய் என்று ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, புற்றைக் கொடுத்து ஏமாந்த மடையன் என்று நூறு பன்றிக்கும் தெரியும்.

"ஆமாங்கய்யா," என்றான். "அம்மா சொன்னபடி ரெண்டு கிட்டார். ரெண்டாவது கிட்டார் பக்கத்துல இருந்தாத்தான் முதலாவது பயந்துகிட்டு ஒழுங்கா வாசிக்கும்."

காடே கைதட்டியது. "துணைக்கட்டை அதிர்வு," என்று அன்னம் அங்கேயே பெயரும் வைத்துவிட்டது. இடம் ஒச்சப்பனுக்கு நிரந்தரமாயிற்று. காலும் அப்போதுதான் விட்டது.

கூட்டம் கலைந்தபின் நரி வந்தார். "ஏன்டா தம்பி, எனக்காக வேண்டாம், அந்தக் குமிழுக்காகவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்ணே. ஆனா நீங்க நரியாப் போயிட்டீங்களே."

நரி திரும்பிப் போனார். போய்க் கடையில் புதுப் பலகை எழுதி மாட்டினார்: 'இங்கே மூன்று கிட்டாருக்குக் குறைந்து கொடுக்கப்படமாட்டாது.' மறுநாளிலிருந்து கூட்டம் நெரிகிறது. நல்லபெருமாள் திருந்திவிட்டார், இப்போதெல்லாம் உண்மையே பேசுகிறார் என்று காடு முழுக்கப் பேச்சு. மானும் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறது.

அன்று அந்தியில் படுக்க இடமில்லாத ஒச்சப்பன் வெல்வெட் பெட்டியைத் திறந்தான். உள்ளே கிட்டார் இல்லை. ஆற்றுக்கல் இரண்டு, பஞ்சில் சுற்றி, அழகாக வைத்திருந்தது. கல்லிரண்டையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு உள்ளே படுத்துப் பார்த்தான். அளவு சரியாக இருந்தது. இன்றுவரை குடியிருப்பு அதுதான். புதிதாக பேஸ் கற்க வரும் ஓணான், பல்லி எல்லாம் வாசலில் நின்று, "அண்ணே, ஒரு கிட்டார் போதுமா?" என்று கேட்கும். ஒச்சப்பன் பெட்டி மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி, "முட்டாள்களே, ரெண்டு வாங்குங்கடா!" என்று அதட்டிவிட்டு மறுபடி மூடிக்கொள்வான்.

நீதி: ஒன்றே போதும் என்பது இரண்டு வாங்கியவனுக்கு மட்டுமே நிச்சயமாகத் தெரியும், ஆகவே அவனைத் தவிர வேறு யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.