பதில் அண்ணாச்சி மறுபடி அனுப்பிய கேள்வி

ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அடுத்த வார்த்தை பேசாத ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் பதில் அண்ணாச்சிதான். நம்பாதவர்கள் திருவனந்தபுரம் வந்து சாலை பஜாரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

அந்த பஜாரில் ஒரு மிளகாய் வத்தல் மண்டிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். அடுத்த பஸ் எப்போது வரும் என்று ஸ்டாப்புகளில் காட்டுகிற போர்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். கீழே மூட்டை இறக்கினால் மேலே ஆறு பேரும் தும்முவோம். அந்தத் தும்மலுக்கு நடுவில் உட்கார்ந்து சி மொழியில் ப்ரோக்ராம் எழுதியவர் அண்ணாச்சி. முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை.

சாக்கெட் என்பது ஒரு ப்ரோக்ராம் இன்னொன்றோடு பேசுவதற்கான வாசல். அந்த வாசல் வழியாகச் செய்தி அனுப்ப அண்ணாச்சி ஒரு மெசேஜிங் லைப்ரரியைப் பயன்படுத்தினார். அதில் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு வகை சாக்கெட் உண்டு. ஒரு கேள்வி அனுப்பலாம், பதிலை வாங்க வேண்டும், பிறகுதான் அடுத்த கேள்வி. பதில் வாங்காமல் இரண்டாவதை அனுப்பினால், இப்போது உன் நிலைமைக்கு இது ஆகாது என்று லைப்ரரி கையை விரித்துவிடும். அண்ணாச்சிக்கு இந்த விதி ரொம்பப் பிடித்துப்போய், வாழ்க்கைக்கும் அதையே வைத்துக்கொண்டார்.

ஒருநாள் டீக்கடையில், "கட்டன் டீ உண்டா சேட்டா?" என்றார். கடைக்கார சேட்டன் தலையை ஆட்டினார். அண்ணாச்சி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். இருபது நிமிஷம் கழித்து நான் போய், "அதான் தலையாட்டிட்டாரே" என்றேன். "ஆட்டுன தலைய எப்படி வாசிக்கது?" என்றார். "எண்ட பொன்னு சாரே, உண்டு" என்று சேட்டன் வாய் திறந்த பிறகுதான் டீ.

இன்னொரு நாள் பஸ்ஸில் ஏறி, "கிழக்கேகோட்டை போகுமா?" என்று கேட்டிருக்கிறார். கண்டக்டர் கூட்டத்தின் மறுகோடியில். மத்தியானம், ஆபீஸில் எல்லோருக்கும் அக்காவான எனக்கு போன் வந்தது.

"அக்கா, கண்டக்டர் இப்பத்தான் பதில் சொன்னாரு. போகாதாம்."

"இப்ப எங்க நிக்கீங்க?"

"பொன்முடி மலையடில, கல்லாறு. ஆத்துல நல்ல தண்ணி, கேட்டோ."

இப்படிப்பட்டவருக்குத்தான் செல்வி மேல் ஆசை வந்தது. போர்டுக்குள் ஓடும் ப்ரோக்ராமை எழுதியவள் அவள். அதே பஜாரில் பாத்திரக்கடைக்காரர் மகள். ஒரு மத்தியானம் அவள் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்று, எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி, "செல்வி, என்னைக் கட்டிக்கிட சம்மதமா?" என்று கேட்டுவிட்டார்.

அந்த நொடியில்தானா கீழே வத்தல் மூட்டை கிழிய வேண்டும்? செல்வி பதினோரு தும்மல் தும்மி, துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகம் கழுவ ஓடினாள். பதில் வரவில்லை.

அன்றிலிருந்து அண்ணாச்சி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, "அக்கா, செல்விட்ட சொல்லுங்க, டீ சாயுது" என்பார். நான் சொல்வதற்குள் கீபோர்டு குளித்துவிட்டிருக்கும்.

பன்னிரண்டு நாள் போயிற்று. வெள்ளிக்கிழமை செல்வி என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க ஆள் வருது. அவரு கேட்டன்னைக்கே நான் சரின்னு சொல்லத்தான் இருந்தேன். முகம் கழுவிட்டு வந்தா மனுஷன் வாயத் திறந்து ஒண்ணும் மிண்டல. வேண்டாம்னு தோணிருச்சோ என்னவோ. நானா போய் எப்படிச் சொல்ல? இன்னொரு தடவை கேக்கட்டும், சொல்லுதேன்."

அவர் மறுபடி கேட்டால்தான் இவள் சொல்வாள். அவரோ பதில் வராமல் மறுபடி கேட்க மாட்டார். நடுவில் ஒரே ஒரு சனிக்கிழமை.

அண்ணாச்சியிடம் போனேன். "ஒரு போர்டு பதிலே தராம கிடக்குன்னு வைங்க. உங்க ப்ரோக்ராம் ஆயுசுக்கும் காத்துக்கிட்டா இருக்கும்?"

"அதெப்படி? கொஞ்ச நேரம் பாக்கும். அப்புறம் அந்த சாக்கெட்ட மூடிரும். புதுசா ஒண்ணத் திறந்து, முதல்லருந்து கனெக்ட் பண்ணி, அதே கேள்விய மறுபடி அனுப்பும்."

"அதையே செல்விட்ட செய்யுங்களேன்."

அண்ணாச்சி கம்ப்யூட்டரை அணைத்தார். பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, படியிறங்கிப் போய்விட்டார். ஒரு நல்ல வேலைக்காரரை நானே துரத்திவிட்டேனே என்று பதறிப்போய் ஜன்னலுக்கு ஓடினேன். தெருமுனை வரை போனவர் அங்கே திரும்பினார். அப்படியே மேலே வந்து, திறந்து கிடந்த கதவைத் தட்டினார். செல்வியின் முன்னால் நின்று கைகூப்பினார்.

"வணக்கம்" என்று தொடங்கி, தன் முழுப்பெயர், அப்பா பெயர், திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊர் எல்லாம் சொன்னார். நாலு வருஷமாகக் கூட வேலை பார்க்கிற எங்களுக்கே அன்றுதான் தெரியும். "நான் இங்க சி ப்ரோக்ராம் எழுதுதேன். உங்களப் பாத்ததுல சந்தோஷம்" என்றவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "என்னைக் கட்டிக்கிட சம்மதமா?"

கீழிருந்து வத்தல் நெடி ஏறி வராதபடி நான் ஓசைப்படாமல் ஜன்னலைச் சாத்தினேன்.

செல்வி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒருவழியாக நிறுத்தினாள். "சம்மதம். வாங்க, இப்பவே அப்பாட்ட போய்ச் சொல்லலாம்."

பதில் வந்துவிட்டதா, இனி அண்ணாச்சி கேட்கலாம். பன்னிரண்டு நாள் கேள்விகள் உள்ளே வரிசையில் நின்றுகொண்டிருந்தன. "உங்க அம்மைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்றார். அவள் சொன்னாள். "கீபோர்டு சரியாச்சா?" என்றார். சொன்னாள். இப்படியே போனால் பாத்திரக்கடையைப் பூட்டிவிடுவார்கள் என்று நான்தான் இரண்டு பேரையும் படியில் இறக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய் உட்கார்ந்தவர் அண்ணாச்சி.

இப்போது வேறு ஊரில் இருக்கிறார்கள். எப்போதாவது போனில் ஒரு வரி வரும்: "அக்கா, சௌக்கியமா?" அவ்வளவுதான். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, "சௌக்கியம்" என்று உடனே அனுப்பிவிடுகிறேன். அந்த மனுஷனைக் காக்க வைக்க எனக்கு மனசு வராது.