விசில்காரரின் கடைசிக் கொடியிறக்கம்

பேச்சைக் கண்ணியமாக ஆரம்பித்ததுதான் விசில்காரர் செய்த முதல் தவறு.

“அன்பார்ந்த சாரணர்களே!” என்றார். பதினோரு வருஷத்தில் அந்தக் கூடத்தில் ‘அன்பார்ந்த’ என்ற சொல் அவர் வாயிலிருந்து விழுந்தது அதுவே முதல் தடவை. விழுந்த இடத்திலேயே அது செத்தும் போனது. “இன்றோடு நமது சாரணர் படை கலைக்கப்படுகிறது. இது வருத்தமான செய்திதான். ஆயினும்…”

எதிரே ஏழு பிள்ளைகள். ஒருத்தன் கொட்டாவி விட்டான். அது பக்கத்துப் பிள்ளைக்குத் தொற்றி, வரிசை முழுக்க ஒரு சுற்று போய்விட்டு வந்தது.

“சார், உடம்பு சரியில்லையா?” என்றான் மூன்றாம் நம்பர்.

“எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்.”

“இல்ல, இன்னும் கத்தவே இல்லியே. அதான் கேட்டேன்.”

விசில்காரருக்குக் காதுமடல் சிவந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டார். இந்தப் பேச்சை அவர் மூன்று நாளாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்திருந்தார்.

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்ட அவர் மனைவி, “யாரு உள்ள? நம்ம வீட்டு ஆளு மாதிரி இல்லியே” என்று சந்தேகப்பட்டிருந்தாள்.

விசில்காரருக்குத் தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் வேலை. வாரம் முழுக்க ஊரார் கோபத்தை ஒரு ஜன்னல் வழியாக வாங்கி வயிற்றுக்குள் போட்டுக்கொள்வதுதான் உத்தியோகம். குழாயில் காற்று வருகிறது என்று ஒருவர் மேசையைக் குத்துவார். சாக்கடை வருகிறது என்று இன்னொருவர் பாட்டிலோடு வந்து, “நீ குடி, அப்புறம் நான் குடிக்கிறேன்” என்பார். பல்லைக் கடித்துப் பேசுகிறவர், சிரித்துக்கொண்டே சபிக்கிறவர், அழுதுகொண்டே அடிக்க வருகிறவர் என்று அந்த ஜன்னல் பார்க்காத கோபம் கிடையாது. எல்லாருக்கும் பதில் ஒன்றுதான்: “ஆவன செய்கிறோம்.”

சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூடத்துக்கு வந்து, வாங்கியதை எல்லாம் ஒன்றுவிடாமல் சாரணர்கள் தலையில் இறக்கிவைப்பார். மேசைக் குத்து, பல் கடி, சிரித்த சாபம், எல்லாம் உண்டு. யாராவது குறுக்கே வாயைத் திறந்தால் இவர் விசிலை ஊதுவார். பெயர் வந்தது அப்படித்தான்.

“ஆபீஸ்ல பூனை, கூடத்துல புலி” என்பாள் மனைவி. “நீங்க கத்துறதுக்கு டிக்கெட் போட்டா ஊரே வரும்.”

“அது கத்தல் இல்ல, பயிற்சி” என்பார் இவர். சொல்லும்போதே கத்துவார்.

பயிற்சியின் பலனாகப் படை வருஷா வருஷம் தேய்ந்தது. ஒருத்தன் டியூஷன் என்றான். ஒருத்தனுக்கு மீசை அரும்பி, அரைக்கால் சட்டை வெட்கமாகிவிட்டது. இன்னொருத்தன் காரணமே சொல்லாமல், தெருவில் இவரைக் கண்டால் சந்துக்குள் புகுந்து ஓடினான். ஓடுவதை மட்டும் இவரிடம்தான் நன்றாகக் கற்றிருந்தான்.

போன பள்ளி விடுமுறை முடிந்தபோது மிஞ்சியது இவரும் விசிலும்தான். “புதியவர்கள் சனி மாலை நான்கு மணிக்கு வரவும்” என்று கூடத்து வாசலில் ஓர் அறிவிப்பை ஒட்டினார். அந்தச் சனிக்கிழமை போய்ப் பார்த்தால், கூடத்தின் நடுவே ஏழு பிள்ளைகள் வட்டமாக நின்றிருந்தார்கள். இவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. உடனே திட்ட ஆரம்பித்துவிட்டார்.

“சார், நாங்க வந்து…” என்று ஒரு பெண் ஏதோ சொல்ல வந்தாள். ‘பீப்’ என்று ஊதினார். “தலைவர் பேசும்போது பேசக் கூடாது! பாடம் ஒண்ணு!” பெயர் கேட்பதெல்லாம் நேர விரயம் என்று ஒன்று முதல் ஏழு வரை நம்பர் கொடுத்துவிட்டார்.

ஆனால் வாய்த்ததுகள் எல்லாம் கழிசடைகள். சீருடை போட்டு வா என்றால் ஏழும் இழவு வீட்டுக்குப் போவதுபோல் கறுப்புச் சட்டையில் வந்தன. உறுதிமொழியைத் திருப்பிச் சொல்லு என்றால், ஒன்று கிழவன் குரலில் சொன்னது, ஒன்று விக்கி விக்கி அழுது சொன்னது, ஒன்று சொல்லி முடித்துவிட்டு மயங்கி விழுந்தது. முடிச்சுப் போடக் கயிறு கொடுத்தால் ஆறாம் நம்பரைத் தூணில் கட்டிவைத்தார்கள். ஆறாம் நம்பர், “ஐயோ, என் பிள்ளை குட்டிங்க என்ன ஆகும்!” என்று தத்ரூபமாகக் கதறினான். வயது பத்து.

போதாததற்கு ஒரு சால்வை அம்மாள். முதல் வாரத்திலிருந்தே பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தாள். ஏழில் எதைப் பெற்ற பாவியோ, தெரியாது. இவர் திட்டத் திட்ட அவள் முகத்தில் வருத்தம் வரவேண்டியதுதானே நியாயம்? பெருமை வழிந்தது.

மானமுள்ளவன் எத்தனை நாள் பொறுப்பான்? மேலிடத்துக்கு ஃபோன் போட்டார்.

“சார், என் படையைக் கலைக்கலாம்னு இருக்கேன்.”

“எந்தப் படை?”

சொன்னார். மறுமுனையில் காகிதம் புரண்டது.

“அது போன வருஷமே கலைஞ்சுபோச்சே.”

“நான் இருக்கேனே சார்!”

“நீங்க இருக்கீங்க, சரி. படை இருக்கா?”

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. இருக்கிற படையை இல்லை என்கிறானே! இதை முறைப்படி கலைத்துக் காட்டாவிட்டால் பதினோரு வருஷமும் பொய்யாகிவிடும். அவருக்கு இருந்தது ஒரே ஆசைதான். கொடி இறங்கும்போது பிள்ளைகள் நேராக நின்று, மூன்று விரலை நெற்றியில் வைத்து ஒரு சல்யூட் அடிக்கவேண்டும். அது கிடைத்தால் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு மனிதனாக வீட்டுக்குப் போய்விடலாம்.

அந்த ஆசைதான் இப்போது கொட்டாவி வாங்கிக்கொண்டிருந்தது.

“சார்,” என்று வாசலில் தலையை நீட்டினார் கூடத்துக் காவலாளி. “ஒரு விஷயம். ரொம்ப நாளா உங்ககிட்ட சொல்லணும்னு…”

பீப்!

“இல்ல சார், உங்க பசங்களைப் பத்தித்தான்…”

“என் பசங்களைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா? போய்யா, கேட்டைப் பாரு!”

காவலாளி கேட்டைப் பார்க்கப் போனார்.

பேச்சு வேண்டாம், நேராகக் கொடியை இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தார் விசில்காரர். ஐந்தாம் நம்பரிடம் கயிற்றைக் கொடுத்தார். அதுதான் இரண்டாவது தவறு.

ஐந்தாம் நம்பர் கயிற்றை முத்தமிட்டான். பிறகு, போர்க்களத்தில் கடைசி ஆளாக நிற்கும் தளபதியைப்போல் தள்ளாடித் தள்ளாடி, ஒவ்வொரு சாணாக இறக்கினான். பாதியில் மண்டியிட்டான். “தோத்துட்டோம்டா!” என்று தரையில் அறைந்தான். கயிறு கைநழுவி, கொடி சரசரவென்று வந்து விசில்காரர் தலையில் முக்காடாக விழுந்தது.

“டேய்!”

கொடிக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலில் கூடத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன. பிள்ளைகளுக்கு உயிர் வந்தது. ஏழு முதுகும் நிமிர்ந்தன. சால்வை அம்மாள் நாற்காலியை ஓர் அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“உங்களையெல்லாம் பெத்தாங்களா, செஞ்சாங்களா? ஃபோன் போடுங்கடா வீட்டுக்கு! ஒவ்வொருத்தன் அப்பனும் ஆத்தாளும் இங்க வரணும்! அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்றேன், எப்பேர்ப்பட்ட பிள்ளைங்களைப் பெத்திருக்காங்கன்னு!”

“எல்லாரையுமா சார்?” என்றாள் ஏழாம் நம்பர். இருப்பதில் சின்னவள். முன்பல் இல்லாதவள். கண் இரண்டும் பளபளத்தன.

“எல்லாரையும்!”

பெற்றோரைக் கூப்பிடு என்றால் எந்தப் பிள்ளையும் காலில் விழும். இதுகள் முண்டியடித்துக்கொண்டு ஓடின. இவருக்கு உள்ளே எங்கேயோ ஓர் ஆணி இறங்கியது.

பெற்றோர் வந்தார்கள். பயந்துகொண்டு வருவார்கள் என்று பார்த்தால் தலைசீவிக்கொண்டு வந்தார்கள். ஓர் அப்பா கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்து முன்வரிசையைப் பிடித்தார். கைக்குழந்தையோடு வந்த ஓர் அம்மா, “ஆரம்பிச்சிட்டாரா?” என்று மூச்சிரைக்கக் கேட்டாள். இருவர் பக்கத்து வீட்டுக்காரர்களையும் அழைத்து வந்திருந்தார்கள்.

பெரியவர்கள் முன்னால் நாகரிகம் முக்கியம் என்று விசில்காரர் குரலைத் தாழ்த்தினார். “பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளைப் பற்றி வேதனையோடு சில வார்த்தைகள்…”

“பின்னாடி கேக்கல!” என்றது ஒரு குரல்.

“சில வார்த்தைகள்…”

“கொஞ்சம் சத்தமா சார்! எங்க பையன் சொன்ன மாதிரி!”

முன்வரிசை அப்பா திரும்பி, “அமைதியா இருங்க, அவரு மெதுவாத்தான் சூடு பிடிப்பாராம்” என்று சமாதானம் சொன்னார்.

அவ்வளவுதான். அணை உடைந்தது.

“சூடா? என்னய்யா சூடு? நான் என்ன அடுப்பா?” நாற்காலி ஒன்று உருண்டது. “பதினோரு வருஷம்! என் பொண்டாட்டி என்கூட ஒரு சனிக்கிழமை வெளிய போனதில்ல! என் பையன் என்னை விசில்னு கூப்பிடுறான், அப்பான்னு இல்ல! யாருக்காக? இந்த ஏழு தறுதலைங்களுக்காக! ஒரு முடிச்சு தெரியுமா? ஒரு திசை தெரியுமா? சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்னு கேட்டா மாடிப்பக்கம்னு சொல்லுதுங்க!” மேசையைக் குத்தினார். பல்லைக் கடித்தார். சிரித்துக்கொண்டே, “நல்லா இருங்க, நல்லாவே இருங்க” என்று சபித்தார். வாரியத்து ஜன்னலில் வாங்கியது அத்தனையும் வரிசை கட்டி வந்தது. கடைசியில் அவருடைய சொந்தக் கோபமும் வந்தது. அதற்குக் குரல் குறைவாக இருந்தது. “நாள் முழுக்க ஊரு என்னைத் திட்டுது. ஆவன செய்றேன் ஆவன செய்றேன்னு சொல்லியே என் நாக்கு தேஞ்சுபோச்சு. எனக்கு யாருய்யா ஆவன செய்றது? கேட்டது என்ன? ஒரு சல்யூட்! ஒரே ஒரு சல்யூட்டு! போங்க! படையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! கலைச்சாச்சு!”

விசிலைக் கழுத்திலிருந்து அறுத்து எறிந்தார். அது தூணில் பட்டு, தானாகவே சன்னமாக ஒருமுறை ‘பீ’ என்றது.

பிறகு முன்வரிசை அப்பா எழுந்தார். கை தட்டினார். அடுத்தவர் எழுந்தார். எல்லாரும் எழுந்தார்கள். கைக்குழந்தையின் கையைக்கூட அதன் அம்மா பிடித்துத் தட்டவைத்தாள். சால்வை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் காவலாளி வாயைப் பிளந்து நின்றார்.

விசில்காரருக்கு ஒன்றும் ஓடவில்லை. திட்டினால் தட்டுகிறார்களே!

அதற்குள் சால்வை அம்மாள் பிள்ளைகளைப் பார்த்து ஒரு கண்சாடை காட்டினாள். ஏழும் ஓடிவந்து வரிசையில் நின்றன. குதிகால் சேர்ந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. ஏழு வலக்கைகள் ஒரே நேரத்தில் எழுந்து, மூன்று விரல் நெற்றியில் நின்றது. கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. அவருடைய பழைய படையில் ஒருத்தன்கூட அப்படி அடித்ததில்லை.

விசில்காரரின் கையும் தானாக நெற்றிக்குப் போனது. இனி எவன் என்ன சொன்னாலும் சரி, படை இருந்தது. இதோ நிற்கிறது. மூக்கு நமநமத்தது. கண் நிறைந்து, ஒரு சொட்டு வழிந்து மீசையில் தங்கியது. அவசரமாக ஸ்கார்ஃபால் துடைத்துக்கொண்டார்.

ஏழாம் நம்பர் வரிசையை விட்டு இறங்கி வந்து, அண்ணாந்து, அந்த மீசையை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள். சால்வை அம்மாளைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு அவர் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்:

“சார், கோபம் பாடம் இன்னியோட முடிஞ்சுதுன்னு எங்க நாடக டீச்சர் சொல்லச் சொன்னாங்க, அடுத்த சனிக்கிழமைலேர்ந்து அழுகையாம், அதையும் நீங்களே வந்து நடிச்சுக் காட்டுறீங்களா?”