அரை கிலோ அருள்

ஊரில் உள்ள ஒல்லிக் குழந்தைகள் எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே கூடத்தில் இருந்தார்கள். பெற்றவர்கள் கைகூப்பிப் பரவசமாக உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் காலைப் பின்னிக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தார்கள். அருள் ஏறுகிறது, அதனால்தான் நெளிகிறார்கள் என்று பெற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அருளை ஏற்றுபவர் பெயர் புஷ்டிச்சாமியார். மூன்று பேர் உட்காரும் சோபாவில் ஒருவராக உட்கார்ந்து, இடம் மிச்சம் வைக்காதவர். சாப்பிடாத பிள்ளையின் உச்சந்தலையில் அவர் ஊதினால் ஒரே மணி நேரத்தில் அரை கிலோ கூடும். சும்மா வாயால் சொல்லும் ஆள் இல்லை. தராசில் நிறுத்திக் காட்டுவார். கண்ணால் பார்த்த பிறகு யாராவது யோசிப்பார்களா? நம் ஆட்கள் யோசிக்கவில்லை.

முறை மிகவும் எளிது. முதலில் குழந்தை கழிப்பறைக்குப் போய்விட்டு வரவேண்டும். அது உடல் தூய்மை. பிறகு முதல் எடை. பிறகு அரை லிட்டர் சொம்பு நிறைய ரோஸ் நிற இனிப்புத் தண்ணீர். அதற்குப் பெயர் அருட்பானம். பிறகு சாமியார் ஊதுவார். அருள் ஊறுவதற்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் கழிப்பறைக் கதவில் பூட்டுத் தொங்கும். சாவி சீடரின் இடுப்பில் இருக்கும். கடைசியில் இரண்டாம் எடை. முள் அரை கிலோ ஏறி நிற்கும். "ஆகா!" என்று கூடமே எழுந்து கும்பிடும்.

கும்பிட்டு முடிந்ததும் குழந்தைகள் வாசலைத் தாண்டிப் பின்பக்கச் சுவருக்கு ஓடுவார்கள். ஊரில் ஏறிய எடை எல்லாம் வாரா வாரம் அந்தச் சுவரோரமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரத்துச் செடி மட்டும் நன்றாகவே புஷ்டியாகியிருந்தது.

அன்று வந்தவர்களில் ஒருத்திக்குச் செல்லப்பெயர் குச்சி. ஆறு வயது. முட்டையில் மஞ்சள் ஆகாது. ரொட்டியில் ஓரம் ஆகாது. பாலில் ஆடை மிதந்தால் வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். அவளுடைய அம்மா அழகு நிலையத்தில் முடி வெட்டுபவள். ஒரு தட்டு சாப்பாட்டை வைத்துக்கொண்டு மகள் பின்னால் இரண்டு மணி நேரம் அலைவாள். கடைசியில் தட்டு அப்படியே இருக்கும்; அம்மாதான் இளைத்துப் போயிருப்பாள்.

திங்கட்கிழமை குழந்தை டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தார்கள். வாங்கிக் கொடுத்தவள் குச்சியின் அத்தை. பார்சல் ஆபீசில் எடை போடும் கவுன்ட்டரில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருப்பவள். ஆனால் சாமியார் சொல்லிவிட்டார்: "டாக்டர் கை பட்டா அருள் முறிஞ்சுடும்."

அதனால் அம்மா டாக்டரை வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறாள். அது காதில் விழுந்ததும், அத்தை லீவு நாளில் முடியைக்கூட வாராமல் கூடவே கிளம்பி வந்துவிட்டாள்.

"அண்ணி, நீங்க வந்தது சரி. ஆனா இங்க எதுவும் பேசிடாதீங்க. சந்தேகப்பட்டா எடை ஏறாதாம்" என்றாள் அம்மா.

"நான் எங்கம்மா பேசப் போறேன்? அந்த அட்டையை மட்டும் குடு, பார்க்கிறேன்."

அது சாமியார் மடத்து எடை அட்டை. வாரா வாரம் எழுதித் தருவது. அத்தை எண்களைக் கண்டால் விடமாட்டாள். பதினேழு வருடப் பழக்கம். முதல் வாரம் ஊதுவதற்கு முன் பதினான்கு கிலோ நானூறு, ஊதிய பின் பதினான்கு தொள்ளாயிரம். இரண்டாம் வாரம் முன் பதினான்கு முந்நூறு, பின் பதினான்கு எண்ணூறு. இன்றைக்கு முன் பதினான்கு இருநூறு.

"ஏம்மா, வாரம் அரை கிலோ ஏறுதுன்னா இன்னைக்குக் காலையில பதினஞ்சு நானூறு இல்ல இருக்கணும்? பிள்ளை இறங்கிக்கிட்டே வருதே!"

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. "சாமி போன வாரமே சொன்னார், அண்ணி. இங்க ஏத்துறது வீட்டுல ஒழுகுதாம். என் மனசுல ஓட்டை இருக்காம்."

அத்தைக்குச் சுருக்கென்றது. தூக்கம் கெட்டு, வேலை கெட்டு, பிள்ளை பின்னால் ஓடித் தேய்ந்துபோன பெண்ணிடம், ஓட்டை உன்னிடம்தான் என்று ஒருவன் சோபாவில் சாய்ந்துகொண்டு சொல்லியிருக்கிறான்! அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள், அப்போதுதான் வேலையில் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் முடிந்தது. குச்சியைத் தராசில் ஏற்றினார்கள். பதினான்கு எழுநூறு. கூடம் கும்பிட்டது.

"சாமி, ஒரு சின்ன விஷயம்" என்று அத்தை எழுந்தாள். "எங்க ஆபீசுல பார்சலை ஏத்தும்போது ஒரு எடை, இறக்கும்போது ஒரு எடை போடுவோம். நடுவுல ஒழுகியிருந்தா தெரிஞ்சுடும். ஒழுகுது ஒழுகுதுன்னு சொல்றீங்களே, எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிச்சுடலாமா? கழிப்பறைச் சாவியைக் கொஞ்சம் குடுக்கச் சொல்லுங்க."

சீடர் இடுப்பைப் பொத்திக்கொண்டார்.

"சாவி எதுக்கும்மா?" சாமியாரின் குரல் கொஞ்சம் கீச்சென்றது.

பதிலைக் குச்சியே சொன்னாள். "அத்தை, முட்டுது!"

அதைக் கேட்டதும் கூடத்தில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் முட்டியது. "எனக்கும்! எனக்கும்!" என்று ஒரே கூச்சல். ஒரு பையன் சீடரின் வேட்டியையே பிடித்து இழுத்தான். வேட்டியா சாவியா என்று வந்தபோது சீடர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

குச்சி போய்விட்டுச் சிரித்த முகத்தோடு வந்தாள். அத்தை அவளைத் தராசில் நிறுத்தினாள். பதினான்கு நானூறு.

"முந்நூறு கிராம் அருள் போயிடுச்சு. மிச்சம் இருநூறு போற வழியில இறங்கிடும்" என்றாள் அத்தை.

சாமியார் கையை உயர்த்தினார். "பைத்தியக்காரத்தனம்! குடிச்சது வெறும் தண்ணி. தண்ணிக்கு ஏதும்மா எடை? அது ஓடுற பொருள். உடம்புல கலந்துடும்."

முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர், பட்டம் வாங்கியவர், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என்னது, தண்ணிக்கு எடை இல்லையா? லிப்ட் இல்லாத வீட்டுல மூணு மாடி குடம் தூக்குறேன் நான்! எடை இல்லாமலா என் இடுப்பு போச்சு? நாளைக்கு நீ வந்து தூக்குய்யா!"

பட்டம் வாங்கியவர் தலையாட்டுவதைப் பாதியில் நிறுத்தினார்.

அத்தை அங்கிருந்த காலி அருட்பானச் சொம்பு ஒன்றில் வாசல் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்தாள். தராசில் ஏறி நின்றாள். எல்லோரும் முள்ளைப் பார்த்தார்கள். இறங்கி, சொம்பைக் கவிழ்த்துக் கடகடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். முள் அரை கிலோ தள்ளி நின்றது.

"எனக்கு யாரும் ஊதலை. குழாய் ஊதுச்சுன்னு சொல்லுவீங்களா?"

கூடத்தில் முதல் முறையாக யாரோ சிரித்தார்கள். சாமியாருக்கு வியர்த்தது. அத்தை விடவில்லை. ரோஸ் தண்ணீர்ச் சொம்பு ஒன்றை எடுத்து நீட்டினாள். "சரி, தண்ணிக்கு எடையே இல்லைன்னா இதை நீங்களே குடிங்க சாமி. உங்களுக்கு எவ்வளவு ஏறுதுன்னு பார்ப்போம்."

சாமியார் சோபாவோடு பின்வாங்கினார். "ஐயையோ, வேண்டாம்மா! எனக்குச் சர்க்கரை. இனிப்பைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா..."

வாயைப் பொத்தினார். பொத்தி என்ன பயன்?

"யாரு சொன்னாங்க?" என்று கேட்டது அத்தை இல்லை. மகளின் கையைப் பிடித்தபடி நின்ற அம்மா. "யாரு சாமி சொன்னாங்க உங்களுக்கு?"

சாமியார் சீடரைப் பார்த்தார்.

"உங்க உடம்புக்கு டாக்டர். என் பிள்ளை உடம்புக்கு ஊதலா? ஓட்டை என் மனசுல இல்லைய்யா. உன் சொம்புல!" அழுதபடியே கத்தினாள். மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை அது.

அதற்குப் பிறகு கூட்டம் என்ன செய்தது என்று கேட்காதீர்கள். அன்று கும்பிட்ட கைகள் வேறு வேலைகளும் பார்த்தன. சாமியார் பின்பக்கமாக ஓடினார். அந்தச் சுவரோரத்தில் வழுக்கியும் விழுந்தார். அருள் அவ்வளவு தேங்கியிருந்தது.

திங்கட்கிழமை டாக்டர் குச்சியைத் தட்டிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்தார். பயப்படும்படி எதுவும் இல்லை. "வாரா வாரம் இனிப்புத் தண்ணின்னு சொன்னீங்க, வீட்டுலயும் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு டம்ளர் கொடுக்கச் சொல்லி மடத்தில் பாட்டில் கொடுத்திருந்தார்கள்.

"வயித்தைத் தண்ணியால நிரப்பிட்டு சாப்பிடுன்னா எங்க போகும்? அதை நிறுத்துங்க. கொஞ்சம் கொஞ்சமா, வேளா வேளைக்கு. ரொட்டியில வெண்ணெய் தடவுங்க. எல்லாரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடுங்க. தட்டைத் தூக்கிட்டுப் பின்னால ஓடாதீங்க. அவ சாப்பிடுறதை யாரும் உத்துப் பார்க்காதீங்க. அடுத்த மாசம் வாங்க, பார்ப்போம்."

ஒரு மாதத்தில் குச்சிக்கு முந்நூறு கிராம் கூடியது. ஓரம் வெட்டிய ரொட்டி, மஞ்சளை ஒளித்துச் செய்த முட்டை. அவ்வளவுதான். பார்சல் கவுன்ட்டரில் அத்தைதான் எடை போட்டாள், கழிப்பறைக்குப் போய்விட்டு வந்த பிறகு. அம்மாவும் இரண்டு கிலோ ஏறியிருந்தாள். ஓட்டம் நின்றுவிட்டதல்லவா.

இப்போது பக்கத்து ஊரில் ஒருவர் வந்திருக்கிறாராம். ஊதினால் உயரம் கூடுமாம். இங்கிருந்து இரண்டு வேன் கிளம்பியிருக்கிறது. முன்சீட்டில் அந்தப் பட்டம் வாங்கியவர். பிள்ளை சாப்பிடவில்லை என்று ஊரெல்லாம் புலம்புகிறோமே, நம் மூளை பட்டினி கிடப்பதை எந்தத் தராசில் பார்ப்பது?