தெருத்தலைவரைச் சுட்ட விஷயமாக

யோக்யகர்த்தா,
செவ்வாய்க்கிழமை மாலை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணன் ஹர்ஜிதோ அவர்களுக்குத் தங்கை விடாரி எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமாக இருப்பது உங்கள் கடிதத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. உடம்புக்கு முடியாதவர்களால் பேனாவை அவ்வளவு அழுத்தி எழுத முடியாது.

பொய்க்குண்டால் ஒருவரைச் சுட்டதற்கு உண்மையான மன்னிப்புக் கேட்க வேண்டுமா? பல வருடங்களாகப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பிக்கிறவள் நான். விடை தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்ல வெட்கமில்லை. இதற்கு எனக்கு விடை தெரியாது. நான் கேட்கப் போவதில்லை என்பது மட்டும் தெரியும். ஒரு தட்டில் பொரித்த வாழைப்பழம் எடுத்துக்கொண்டு போய் தெருத்தலைவர் சுகிர்மன் ஐயா முன்னால் தலைகுனிந்து நிற்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் வாழைப்பழம் இருந்தது. பொரித்து நானே சாப்பிட்டேன்.

முதலில் அண்ணியைச் சமாதானப்படுத்துங்கள். தெருத்தலைவரின் மனைவி பாயினெம் அக்கா தொலைபேசியில், "உங்க நாத்தனார் எங்க வீட்டுக்காரர ஊரே பாக்கச் சுட்டுட்டாங்க" என்றாராம். அண்ணி மேற்கொண்டு கேட்காமல் அழுதுவிட்டாராம். சுகிர்மன் ஐயா உயிரோடுதான் இருக்கிறார். நேற்றுகூடச் சந்தில் நின்று யார் வீட்டுச் சாக்கடை அடைத்திருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். என் பெண் லாரஸ் ஜகார்த்தாவுக்கு வேலைக்குப் போகும் முன்பு, எங்கள் துறை ஆய்வகம் கழித்துக்கட்டிய பழைய கணினிகளை என் தலையில் கட்டி, கூடத்தில் வரிசையாக வைத்து, ஒரு சின்னப் பெட்டியில் கம்பிகளைச் செருகி எல்லாவற்றையும் இணைத்துவிட்டுப் போனாள். "இணையம் வேணாம்மா, காசு வேணாம்மா, நாலு பேர் வீட்டுக்குள்ளயே சேர்ந்து விளையாடலாம். நீ பாட்டுக்குத் தனியா உட்கார்ந்து பரீட்சைத்தாளத் திருத்திக்கிட்டே இருக்காத" என்றாள். உங்கள் மைத்துனர் பாலிக்பாப்பனில் வேலை பார்க்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார், வந்தால் தூங்குகிறார், ஆகவே அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் இலவசம் என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். அந்த விளையாட்டின் உரிம விதிகளை எழுத்துவிடாமல் படித்தேன், எங்கேயாவது பொடி எழுத்தில் என் வீட்டை எழுதி வாங்கியிருக்கிறார்களா என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. யாரோ முகம் தெரியாதவர்கள், நாலு பேர் கூடி விளையாடட்டும் என்று செய்து சும்மா கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

சுவர்கள் நிறைந்த ஒரு திடல், அதில் ஆளுக்கொரு பீரங்கி வண்டி, எதிரே வருகிறவரைச் சுட வேண்டும், சுடப்பட்டவர் இன்னொரு மூலையில் மறுபடி முளைப்பார். அவ்வளவுதான் விளையாட்டு. சாயங்காலத் தொழுகை முடிந்ததும் சுகிர்மன் ஐயா வருவார், பாயினெம் அக்கா வருவார், சோயாக்கட்டி தெம்பே விற்கும் வாகிமின் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வருவார். நான் தேநீர் போடுவேன். அப்புறம் நடப்பது போர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரியவர் முன்னால் குறுக்கே போகக் கூடாது என்று வாகிமின் தன் வண்டியைத் திடலின் பின்பக்கமாகச் சுற்றி ஓட்டிக்கொண்டு போவார். "ஐயா, மன்னிக்கணும், சுடலாமுங்களா?" என்பார். "தாராளமா சுடு வாகிமின்." "இல்லைங்க, நீங்க மொதல்ல." "அட, நீதான் மொதல்ல வந்த." அதற்குள் நான் இரண்டு பேரையும் சுட்டிருப்பேன். குண்டு எந்தக் கோணத்தில் சுவரில் பட்டு எப்படித் திரும்பும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். அதனால் தினமும் நானே ஜெயித்தேன். இதைத் தற்பெருமையாக எழுதவில்லை, முடிவுகளை எழுதுகிறேன்.

சுதந்திர தினப் போட்டிகளில் இதையும் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னதே சுகிர்மன் ஐயாதான். சாக்கு ஓட்டம், கயிற்றில் தொங்கும் அப்பளத்தைக் கையால் தொடாமல் கடிப்பது, அதற்கப்புறம் பொதுக்கூடத்தில் என் கணினிகள், சுவரில் விரித்த வெள்ளைப் போர்வையில் படம், ஒலிபெருக்கியோடு வாகிமின். ஐயா கறுப்புத் தொப்பியும் புது பட்டிக் சட்டையுமாக வந்தார். முன்வரிசையில் க்ளாத்தெனிலிருந்து வந்த அவருடைய சம்பந்தி வீட்டார். ஆட்டம் தொடங்கும் முன் பாயினெம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, இன்னைக்கு வெயில் ஜாஸ்தி இல்ல?"

"ஆமாம், ஜாஸ்திதான்."

"சம்பந்திங்க வேற வந்திருக்காங்க. இந்த வெயில்ல தோத்துப்போனா எங்க வீட்டுக்காரருக்குத் தலைவலி வரும்."

"கூடத்துக்குள்ள ஏதுக்கா வெயில்?" என்றேன்.

அவர் என்ன கேட்டார் என்பது எனக்குப் புரிந்தது. புரியாதது போல இருந்தேன். உங்களிடம் மறைப்பானேன்? போட்டி என்று பெயர் வைத்தால் போட்டி போட வேண்டும். நான் சுட்டேன். "மன்னிக்கணும் ஐயா, நீங்க செத்துட்டீங்க!" என்று வாகிமின் ஒலிபெருக்கியில் அலறினார். கொஞ்ச நேரத்தில், "ஐயா, மறுபடியும் மன்னிக்கணும்!" அப்புறம், "ஐயா, உங்களுக்கு நேரம் சரியில்லைங்க!" சம்பந்திக்கிழவர் பல்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிவப்பு பிளாஸ்டிக் வாளி பரிசு. அதை வாங்கும்போது தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன், அது கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வாளி வாளிதான், வென்றது வென்றதுதான்.

இப்போது நீங்கள் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். லாரஸ் திருமணத்தைப் பதிய தெருத்தலைவரின் கையெழுத்தோடு கடிதம் வேண்டும். அது இல்லாமல் மேலே ஒரு காகிதமும் நகராது, மாப்பிள்ளை வீட்டார் மகெலாங்கில் பந்தலுக்கே சொல்லிவிட்டார்கள். நான் எப்போது போனாலும் பாயினெம் அக்கா வாசலுக்கு வந்து, "குளிச்சிட்டிருக்காரு. உள்ள வாங்க, உக்காருங்க, ஒரு வாய் டீ குடிங்க" என்கிறார். "இல்லக்கா, அவசரம்" என்று வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். காலையில் போனால் குளிக்கிறார், மத்தியானம் போனால் குளிக்கிறார். ஒரு மனிதரின் தோல் அவ்வளவு தண்ணீரைத் தாங்காது. இது பழிவாங்கல். ஒரு பொம்மை வண்டி வெடித்ததற்காக என் பெண்ணின் கல்யாணத்தையே பிடித்து வைத்திருக்கிறார்!

அதற்காக நான் பணிந்துவிடுவேன் என்று அவர் நினைத்தால், அவருக்கு என்னைத் தெரியாது. நாளை நகராட்சி அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் புகார் கொடுப்பேன். தேவைப்பட்டால் வேறு தெருவுக்குக் குடிபோய் அங்கிருக்கிற தலைவரிடம் கையெழுத்து வாங்குவேன். அவரும் விளையாடுகிறவராக இருந்தால் அவரையும் சுடுவேன். வாளியை வெளிக்கதவில், அவர் போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறேன். அதை எடுக்க மாட்டேன்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் காது வைத்தியம் பலிக்கட்டும். நான் போனில் கத்தித் தெரு முழுக்கக் கேட்டது போதும், அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் இருவர் மீதும் இறைவன் அருள் இருக்கட்டும், என் மீதும் கொஞ்சம்.

தலைகுனியாத தங்கை,
விடாரி

பி.கு. புதன்கிழமை. இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பினேன். சந்து திரும்பும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் சுகிர்மன் ஐயா வீட்டுத் தாழ்வாரம். வேறு வழியில்லாமல் உள்ளே போனேன், உட்கார்ந்தேன், தேநீர் குடித்தேன். கோப்பையைக் கீழே வைத்ததும் ஐயா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். நிஜமாகவே குளித்திருந்தார். அலமாரியிலிருந்து லாரஸின் கடிதத்தை எடுத்து நீட்டினார். கையெழுத்து, முத்திரை, சுதந்திர தினத்துக்கு மறுநாள் தேதி.

"மறுநாளே எழுதி வெச்சாச்சு டீச்சரம்மா. கல்யாணக் கடிதாசிய வாசல்ல நிக்கிறவங்க கையில குடுக்கலாமா? நீங்க வந்து உக்காரவே மாட்டேங்கிறீங்களே!"

"அப்ப... அந்த ஆட்டத்துல உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"கோபமா? உங்க வீட்டு விளையாட்டு, உங்க வீட்டு கரண்டு, உங்க கை டீ. உங்கள நாங்க எப்படிம்மா சுடறது? வாகிமின் மொத நாளே கேட்டான். டீச்சரம்மாவ மட்டும் சுடாதடான்னு நாந்தான் சொல்லி வெச்சேன்."

பாயினெம் அக்கா கூரையைப் பார்த்தார். "எனக்குத்தான் கோபம்" என்றார். "ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்களும் அந்த மாதிரி இருந்திருக்கலாம்."

யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கலாம் என்று அழைத்தேன். மழை விட்டதும் மூவரும் என் வீட்டுக்கு வந்தோம். கதவில் தொங்கிய வாளியைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தேன். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது. நான் போட்ட தேநீர் ஆறுவதற்குள் என் வண்டி எத்தனை முறை வெடித்தது என்பதை எண்ணவில்லை, எண்ண விரும்பவும் இல்லை. ஒவ்வொரு முறையும் சுகிர்மன் ஐயா நாற்காலியிலிருந்து லேசாக எழுந்து, "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். முழு மனதோடு சொன்னார்.

நான் ஒரு முறையும் மன்னிப்புக் கேட்கவில்லை, அண்ணா. என் குண்டு ஒன்றுகூட அவர் மேல் படவில்லை.