பஸ் ஸ்டாப் காற்று

எம். புதுப்பட்டி,
செப்டம்பர் 2007, செவ்வாய் இரவு.

காரியாபட்டி தனுஷ்கோடி மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் பானுப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது.

மாமா, இதை யாரிடமும் காட்டாதீர்கள். அத்தையிடமும் வேண்டாம். படித்ததும் எரித்துவிடுங்கள் என்று எழுத வந்தேன், எங்கள் வீட்டில் இப்போது அந்தச் சொல்லையே எடுக்கக் கூடாது. அதனால் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் எல்லோரும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். அம்மா இருமுகிறாள்.

இந்த வருஷமும் ஆடியிலிருந்து எங்கள் வீட்டில் வேலை நடக்கிறது. யாராவது கேட்டால் காகிதக் குழாய் சுற்றுகிறோம் என்று சொல்ல வேண்டும். உண்மையில் அப்பாவும் அம்மாவும் பின் அறையில் சங்குசக்கரத்துக்குப் பட்டாசு மருந்து அடைக்கிறார்கள். ஏஜென்ட் சுந்தரபாண்டி மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிறார். வீட்டில் வைத்து இதைச் செய்யக் கூடாது, பிடித்தால் அப்பாவுக்கு ஜெயில். அடுப்பைக்கூட வாசலுக்கு மாற்றிவிட்டோம். அம்மாவுக்கு வருவது சீசன் இருமல், தீபாவளி முடிந்தால் போய்விடும் என்று அப்பா சொல்கிறார். போன வருஷம் போனது. இந்த வருஷம் அம்மாவால் படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். அப்பா அதற்குத் தினமும் வாழைப்பழம் வாங்கி வருகிறார். பழம் நெஞ்சுத் தூசியை வழுக்கிக்கொண்டு கீழே போய்விடுமாம். அம்மா நேற்று ஒன்பது பழம் தின்றாள். “பழம் போற குழாய் வேற, மூச்சு போற குழாய் வேறப்பா, டீச்சர் படம் போட்டுக் காட்டுனாங்க” என்றேன். “ரெண்டும் ஒரே தொண்டைக்குள்ளதான தாயி இருக்கு. பக்கத்து வீட்டுல என்ன நடக்குன்னு எட்டிப் பாக்காமயா இருக்கும்?” என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அரை மணி நேரம் நிற்கவில்லை.

இனிமேல்தான் நான் செய்த தப்பு. எங்கள் அறிவியல் டீச்சர் லட்சுமிகாந்தம் காற்று மாசு பாடம் நடத்தினார். விறகுப் புகையில் கார்பன் மோனாக்சைடு, கந்தகம் எரிந்தால் கந்தக டை ஆக்சைடு, தலைமுடியை விடச் சின்னத் தூசி மூக்கில் நிற்காமல் நேராக நுரையீரலுக்குள் போய்விடும், போனது சுலபமாக வராது என்றார். பிறகு ஆளுக்கு ஒரு போஸ்ட் கார்டில் வாசலின் தடவி, மூன்று நாள் எங்காவது கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுவரச் சொன்னார். எல்லோரும் மரத்தில் கட்டினார்கள். நான் வீட்டுக் கொல்லையில், பின் அறை ஜன்னல் பக்கம் கட்டினேன். மற்றவர்கள் கார்டு அழுக்காக இருந்தது. என்னுடையது மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது. டீச்சர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, “இது அலுமினியப் பவுடர். எங்கன கட்டுன?” என்று கேட்டார். பஸ் ஸ்டாப்பில் என்று சொல்லிவிட்டேன்.

டீச்சர் எல்லாவற்றையும் நம்புகிறவர். பஸ் ஸ்டாப்பிலேயே இவ்வளவு என்றால் ஊர் என்ன ஆவது என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்ல, அவர் மேலே எழுதிப் போட, வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வந்து பஸ் ஸ்டாப்பைச் சோதிக்கப் போகிறார்களாம். அங்கே டீக்கடை வைத்திருக்கும் சீனிச்சாமி தாத்தா வடைச் சட்டிக்கு மூடி போட்டுவிட்டார். “ஏலே, இருவது வருசமா இந்தக் காத்தத்தான குடிக்கேன், எனக்கு ஒண்ணும் செய்யலையே” என்கிறார், ஆனால் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டுதான் சொல்கிறார். அப்பாவும் அந்த வழியாகப் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார். ஓடி வந்து, துண்டை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு, பின் அறைக்குள் போய் மருந்து அடைக்க உட்காருகிறார்.

இதையும் கேளுங்கள். நான் பத்து நாள் கெஞ்சி, விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று அம்மா சம்மதித்திருந்தாள். இப்போது அப்பா விடவில்லை. “அந்த பஸ் ஸ்டாப்புல நின்னு நின்னுதான் அவளுக்கு இந்த இருமலே. மறுபடியும் அங்கன கொண்டுபோயி நிறுத்தவா?” என்கிறார். அம்மாவும் ஆமாம் என்கிறாள். உண்மையைச் சொன்னால் அப்பா பிடிபடுவார். சொல்லாவிட்டால் அம்மாவுக்கு மூச்சு என்னவாகும் என்று தெரியவில்லை.

அதனால் மாமா, வருகிற ஞாயிற்றுக்கிழமை சும்மா வருவது போல டி.வி.எஸ். வண்டியில் வாருங்கள். உங்கள் வீட்டுத் தம்பிக்குக் காது குத்து, அக்கா முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று சொல்லி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். தீபாவளி வரைக்கும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் இல்லை. வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வந்து, ஒன்றும் இல்லை என்று போன பிறகு வந்தால்தான் யாருக்கும் சந்தேகம் வராது.

அத்தைக்கு என் வணக்கம். தம்பிக்கு முத்தம்.

இப்படிக்கு,
பணிவுள்ள
செ. பானுப்பிரியா, ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

பி.கு: மாமா, ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியதை அடித்துவிடுங்கள், அவசரம் இல்லை என்பதையும் அடித்துவிடுங்கள். இப்போதுதான் அப்பா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. சுந்தரபாண்டியின் சரக்கெல்லாம் டீக்கடைக்குப் பின்னால் உள்ள அறையில்தான் இருக்கிறதாம். எனக்கு அது தெரியாது, சத்தியமாகத் தெரியாது. வெள்ளிக்கிழமை அங்கே சோதனை என்பதால் பதினாறு மூட்டையையும் இன்றைக்கே நம்ம வீட்டில் இறக்கப் போகிறார்களாம். “இங்கன எவன் வந்து பாக்கப் போறான்” என்று அப்பா சொல்ல, “எங்க வைக்க? நான் சாய்ஞ்சு தூங்குற சுவரு ஒண்ணுதான் காலியா இருக்கு” என்று அம்மா சொன்னாள். அங்கேயே அடுக்கிவிடலாம் என்கிறார் அப்பா. மாமா, இது கையில கிடைச்ச அன்னைக்கே வாங்க. காது குத்துன்னு சொல்லாதீக, யாரோ சாகக் கிடக்காகன்னு சொல்லுங்க, அப்பத்தான் உடனே அனுப்புவாக. வாசல்ல வண்டி வந்து நிக்கி. கதவைத் தட்டுறாக. அம்மா எந்திரிக்க முடியாம என்னையத்தான் திறக்கச் சொல்லுதா, நான்