மீசை கழன்ற படத்தைப் பார்க்காதே

லாஸ் ஏஞ்சலிஸ்
9 மார்ச் 1915

அன்பும் மரியாதையும் நிறைந்த லூயெல்லா அக்காவுக்கு, தம்பி ஆர்லோ எழுதிக்கொள்வது. இங்கே நான் பரம சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்துக்கும், அம்மாவின் சௌக்கியத்துக்கும், அப்பாவின் சவப்பெட்டிக் கடை வியாபாரத்துக்கும் (அடுத்தவர் சௌக்கியம் கெடாமல் அது எப்படி நடக்கும் என்பது வேறு விஷயம்) ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. நான் பெயிண்டராக வரும் படம் அடுத்த வாரம் உங்கள் ஊர்க் கொட்டகைக்கு வருகிறது. நீ போக வேண்டாம். படம் மட்டம். ஒரேயடியாக ஆடுகிறது, கண்ணுக்குக் கெடுதல்.

சரி, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. என் எல்லாப் படத்திலும் மூக்குக்குக் கீழே துடைப்பம் மாதிரி ஒரு மீசையை ஒட்டிவிடுவார்கள், தெரியுமல்லவா. இதில் நான் ஏணியிலிருந்து சுண்ணாம்புத் தொட்டிக்குள் விழ வேண்டும், விழுந்தேன், மீசை தொட்டியோடு போய்விட்டது, எழுந்து மூஞ்சியைத் துடைப்பதற்குள் போலீஸ் வேஷம் போட்ட ஏழு தடியன்கள் துரத்துகிறார்கள், எங்கள் டைரக்டர் டன்ஃபி கத்துகிற குழாயை வாயில் வைத்துக்கொண்டு, "மீசை போனா போகட்டும்டா, மூஞ்சி நல்லாக் கோணுது, ஓடு ஓடு" என்கிறார். ஓடினேன். தெருவில் நிஜமான தீயணைப்பு வண்டி ஒன்று நிஜமான தீயை அணைக்கப் போய்க்கொண்டிருந்தது. ஓசியில் கிடைப்பதை எங்கள் கம்பெனி விடாது. "அதுல தொத்துடா" என்று அவர் கத்த, நான் ஏணி நுனியைப் பிடிக்க, வண்டி மூலை திரும்ப, ஏணி வெளியே வீச, நான் நடுத்தெருவுக்கு மேலே தொங்குகிறேன், போகிற போக்கில் ஒரு விளக்குக் கம்பம் என் விலாவில் இடிக்கிறது, காமிரா மோட்டாரில் பின்னாலேயே வருகிறது. "நல்லாக் கத்துடா, உலகத்துல ஒருத்தனுக்கும் கேக்கப்போறதில்ல, வாய்க்கு வந்ததைத் திட்டிக்கோ" என்கிறார் டன்ஃபி. எங்கள் ஊமைப்படத் தொழிலில் இருக்கிற ஒரே சலுகை அதுதான். அவருடைய தாயாரில் ஆரம்பித்தேன்.

ஒருத்தனுக்கும் கேட்காது, வாஸ்தவம். ஆனால் காய்ச்சலில் உன் காது போன நாளிலிருந்து நம் வீட்டில் எவனாவது உதட்டை அசைத்துவிட்டு உன்னிடம் தப்பியிருக்கிறானா? நீயும் உன் காது கேளாதோர் பள்ளித் தோழிகளும் முன்வரிசையில் வேறு உட்காருவீர்கள்.

அதனால், மீறிப் போனால், ஒன்று தெரிந்துகொள். "ஐயோ, விலா ஒடிஞ்சிடுச்சு" என்று நான் சொல்வது நடிப்பு. அப்புறம், "லூயெல்லா அக்கா, பயமா இருக்கு" என்பதுபோல ஏதாவது தெரிந்தால், கதைப்படி அந்தப் பெயிண்டருக்கு அப்படி ஒரு அக்கா இருக்கிறாள். அம்மாவிடம் மூச்சு விடாதே. தெரிந்தால் அடுத்த ரயிலிலேயே அப்பாவை அனுப்பி என்னைப் பெட்டிக்கு ஆணி அடிக்கக் கூட்டிவந்துவிடுவாள். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது அக்கா. நான் விழுந்தால் முன்பின் தெரியாதவர்களெல்லாம் சிரிக்கிறார்கள். நம் கடைக்கு வந்த ஒருவர்கூடச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு முத்தம், அப்பாவுக்கு வணக்கம், உன் தோழிகள் கொட்டகைப் பக்கமே போகாமலிருக்க என் பிரார்த்தனை.

உன் அன்புத் தம்பி,
ஆர்லோ

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உன் கடிதம் வந்தது. படம் போன வாரமே வந்துவிட்டதாமே. கொட்டகையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது முன்வரிசையில் நீங்கள் பன்னிரண்டு பேர் மட்டும் கைக்குட்டையை எடுத்தீர்களாமே. "கீழ மெத்தை இருக்குன்னு நீ எப்பவும் எழுதறதை நம்பி அம்மாவும் சிரிச்சா. என்னடீ சொல்றான்னு கேட்டா, தோத்திரப் பாட்டு பாடறான்னு சொன்னேன். ஒவ்வொரு படத்துக்கும் அதைத்தான் சொல்றேன். இந்தத் தடவை மீசை இல்லாதது சௌகரியமா இருந்தது. போன வருஷம் உன் முழங்கால் அடியையும் தோள்பட்டை அடியையும் மீசைக்குள்ளேர்ந்து படிச்சுப் படிச்சு என் கண்ணே போச்சுடா. இப்ப எந்தப் பக்க விலா? அதை மட்டும் நீ சொல்லலியே" என்று எழுதியிருக்கிறாய்.

இனி என் எழுத்தை நீ நம்பப்போவதில்லை. நாளைக்குக் கழுதை உதைக்கிற காட்சி, மூன்று வாரத்தில் அங்கே வரும். முதல் உதை விழுந்ததும் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காமிராவைப் பார்த்துச் சொல்கிறேன், பார்த்துக்கொள்: இடது பக்கம்.