வாடகைக் கிடா

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் பார்க்கும் மைத்துனர் சிவபாண்டிக்கு, நாகமலை புதுக்கோட்டையிலிருந்து உன் மச்சான் பாண்டியராஜன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா நாகஜோதியும் பிள்ளைகளும் நலம். அங்கு நீயும் வெற்றிலையும் நலமா? நீ போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்துவிட்டாய். ஆகவே தபால்.

மாப்ள, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ் கடை வைத்து அடுத்தவன் எழுதியதையே பிரதி எடுத்துக்கொண்டிருக்கும் எனக்கு, நாமும் ஒன்று எழுதினால் என்ன என்று ஆசை வந்தது. ஆன்லைனில் கதை எழுதப் பழக்கும் குழுவில் சேர்ந்தேன். இசைவாணி என்ற அம்மா நடத்துகிறார். ஒருவர் கதையை மற்றவர்கள் படித்துக் குறை சொல்ல வேண்டும். அதில் நம் சொந்தக்காரர்களையே மிஞ்சிவிடுகிறார்கள். வீட்டு விசேஷம் ஒன்றை எழுதச் சொன்னபோது, நம் பெரியவள் காதுகுத்தை எழுதினேன். அந்த வருடம் காற்றில் உன் கொடிக்கால் சாய்ந்துபோனதையும், அப்படியும் நீ தாய்மாமன் சீரைக் குறைக்காமல் டிராக்டரில் கொண்டுவந்ததையும், மாலை போட்ட கிடாவை முன்னால் நடத்திவந்ததையும், பிள்ளை உன் மடியில் அழாமல் உட்கார்ந்திருந்ததையும் உள்ளது உள்ளபடி எழுதினேன். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குழுவில் யாருக்கும் கலங்கவில்லை. இப்படி ஒரு மனிதர் இருக்கவே முடியாது என்றார்கள். கொட்டாம்பட்டி இம்மானுவேல் சார், வங்கியில் ஓய்வுபெற்றவர், தாய்மாமனுக்கு ஏதாவது ஒரு பலவீனம் கொடுத்தால்தான் நம்பும்படி இருக்கும் என்றார். உன்னிடம் பலவீனம் தேடி நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. வெற்றிலை போடுவாய், அது தொழில். கடைசியில் கிடாவை வாடகைக்கு எடுத்ததாகவும், ஊர் பார்க்க முன்வாசலில் நடத்திவந்து, பந்தி நடக்கும்போது பின்வாசல் வழியாகத் திருப்பி அனுப்பியதாகவும் எழுதினேன். கைதட்டும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள். இதுதான் வாழ்க்கை என்றார்கள்.

உன் பெயரைச் சோணை என்று மாற்றத்தான் செய்தேன். ஆனால் நுணுக்கமான விவரங்கள்தாம் கதைக்கு உயிர் என்று இசைவாணி அம்மா சொல்லியிருந்ததால், சோழவந்தானையும் நீல டிராக்டரையும் நீ இடது கையால் மீசையை நீவுவதையும் அப்படியே விட்டுவிட்டேன். யாரோ அதை உங்கள் ஊர் குரூப்பில் போட்டுவிட, வெற்றிலை மார்க்கெட்டில் கிடா வாடகை எம்புட்டு என்று உன்னிடம் கேட்கிறார்களாம். நீயும் சின்னவள் காதுகுத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டாய்.

ஆசாரி, பந்தல், சமையல் எல்லாவற்றுக்கும் சொல்லியாயிற்று. மடிதான் இல்லை. உன் சித்தப்பா மகனை உட்கார வைக்கலாமா என்று உன் அக்காவிடம் கேட்டுப்பார்த்தேன்.

"எந்தம்பி மடியில உக்காந்துதான் எம்மகளுக்குக் காது குத்தணும். இல்லைன்னா அவ மூளிக்காதாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கதையை அழித்துவிட்டேன். குழுவிலிருந்தும் விலகிவிட்டேன். இனி ஜெராக்ஸோடு சரி. உன்னைப் பற்றி நான் முதலில் எழுதியதுதான் உண்மை மாப்ள, மனசு அடித்துக்கொள்கிறது, வந்துவிடு.

உன் வீட்டில் தங்கச்சி முத்துச்செல்வியைக் கேட்டதாகச் சொல். உன் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், கொடிக்கால் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்
பாண்டியராஜன்

பி.கு.: விலகிவிட்டேன் என்று மேலே எழுதிவிட்டு, விலகப் போகும்போது இந்தக் கடிதத்தையும் குழுவில் ஒருமுறை போட்டுப்பார்த்தேன். நான் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது என்கிறார்கள். ஆனால் இம்புட்டு அவமானப்பட்ட தாய்மாமன் திரும்பி வந்தால் நம்பும்படி இருக்காது, வரவிடாதீர்கள் என்று இம்மானுவேல் சார் சொல்ல, எல்லோரும் ஆமாம் போட்டார்கள். உன் அக்கா போனைப் பிடுங்கி, "அவன் என் தம்பி. வருவான்" என்று பதில் எழுதினாள். குழுவே அசந்துபோய் அவளையும் சேர்த்துக்கொண்டது. துணைக்கு நானும் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு அவள் எழுதிய முதல் வரி அது, மாப்ள. அதைப் பொய்யாக்கிவிடாதே.